ரசம் சாதம் மட்டும் போதாதுங்க! குழந்தையின் முதல் தட்டில் என்ன இருக்கணும்?

(தேசிய ஊட்டச்சத்து மாதத்தையொட்டி, தஞ்சாவூர் மாவட்டக் கிராமம் ஒன்றின் அங்கன்வாடி மையத்தில் தாய்மார்களிடமும் குடும்பத்தினரிடமும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஒரு பக்கம் குறுவை அறுப்பு, இன்னொரு பக்கம் சம்பா நடவு. இந்த நெருக்கடியிலும் வேலையை விட்டுட்டு வந்திருக்கீங்க. பாட்டிமார்களும் வந்திருக்கீங்க. அதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். ஏன்னா அம்மா வயலுக்குப் போன பிறகு குழந்தைக்கு ஊட்டுற கை உங்க கைதான்.

நீங்க எல்லாரும் பார்த்திருக்கக்கூடிய ஒரு வீட்டைச் சொல்றேன். எட்டு மாதக் குழந்தை. அம்மா நாற்று நடப் போயிருக்காங்க. அப்பாயி சோற்றைக் குழைய வடித்து, ரசத்தைத் தெளிவா இறுத்து ஊற்றி, கரைத்து ஊட்டுறாங்க. குழந்தையும் மடமடன்னு குடிக்குது. "மூணு வேளையும் நல்லா சாப்பிடுதுங்க, குறையே இல்லை" என்கிறார் அப்பாயி. அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் மையத்தில் எடை போட்டால் ரெண்டு மாசமா முள் நகரவே இல்லை. இது எப்படி?

வயிறு சின்னது

எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு, ஒரு டம்ளர் அளவுதான். ஏறக்குறைய 200 முதல் 240 மில்லி. அந்த டம்ளரை ரசத்தால் நிரப்பிவிட்டால் பருப்புக்கும் கீரைக்கும் இடம் ஏது? வயிறு நிறையும், அழுகை நிற்கும், தூக்கமும் வரும். உடம்பு வளர வேண்டிய சத்து மட்டும் வராது.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஆனால் பிறக்கும்போது குழந்தை உடம்பில் சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு குறையத் தொடங்கிவிடும். பாலில் இருப்பது அதற்கு ஈடாகாது, வெறும் அரிசிச் சோற்றிலும் அது மிகக் குறைவு. கருவுற்ற நாளிலிருந்து இரண்டு வயது வரையுள்ள முதல் 1000 நாட்களில்தான் மூளை வேகமாக வளர்கிறது. அந்த நாட்களில் விட்ட வளர்ச்சியைப் பிறகு பிடிப்பது கடினம். நம்ம ஊர் நெற்களஞ்சியம் என்பதாலேயே 'சோறு இருக்கு, வேறென்ன வேணும்' என்று இருந்துவிடுகிறோம். அங்கேதான் சறுக்குகிறோம்.

வயலே வழி சொல்லுது

சம்பா அறுவடை முடிந்ததும் இந்த மண்ணை நாம் சும்மா விடுவதில்லை. நெல் தரிசில் உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்கிறோம். நெல்லுக்குப் பின்னால் பயறு வருகிற மாதிரி, குழந்தை தட்டிலும் சோற்றோடு பருப்பு வரணும். கொல்லையில் முருங்கை நிற்குது, படுகையில் வாழை நிற்குது, கோழி முட்டை இருக்கு, ஆற்று மீனும் கிடைக்குது. கடையில் டப்பா தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

செய்முறை எளிது. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு. ஒரு பிடி முருங்கைக்கீரை அல்லது பரங்கிக்காய். நன்றாக வேகவைத்து, கையால் மசித்து, ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ சேருங்க. மிக்சியில் அடித்துத் தண்ணியாக்க வேண்டாம். ஸ்பூனைச் சாய்த்தால் சட்டென வழிந்து ஓடக்கூடாது. ஓடினால் அது நீர்த்த உணவு.

தனியாகச் சமைக்க நேரமில்லை என்பீர்கள். வேண்டியதில்லை. வீட்டுக்குச் செய்கிற குழம்பில் மிளகாய், புளி, உப்பு போடும் முன்பே குழந்தைக்கான பருப்பையும் காயையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்க. ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை சேர்க்க வேண்டாம். தேனும் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிறு குழந்தைக்கு ஆபத்தானது.

எவ்வளவு, எத்தனை முறை?

ஆறு மாதம் நிறைந்ததும் இரண்டு, மூன்று ஸ்பூனில் தொடங்குங்க. எட்டு மாதத்துக்குள் 250 மில்லி கிண்ணத்தில் அரைக் கிண்ணமாக உயர்த்தி, ஒரு நாளைக்கு 2 அல்லது 3 வேளை கொடுங்க. 9 முதல் 11 மாதத்தில் அதே அரைக் கிண்ணம், ஆனால் 3 அல்லது 4 வேளை. ஒரு வயதுக்குப் பிறகு முக்கால் கிண்ணம் முதல் முழுக் கிண்ணம் வரை, வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதையே கொடுக்கலாம். இடையில் வாழைப்பழமோ வேகவைத்த சர்க்கரைவள்ளியோ ஒரு தடவை. தாய்ப்பாலை இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடருங்க.

முட்டை, மீன் கொடுக்க ஒரு வயது வரை காத்திருக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு நன்கு வேகவைத்த முட்டையை மசித்து, சிறிதாகத் தொடங்கலாம். மீனில் முள் பார்த்து எடுங்க. புது உணவு ஒவ்வொன்றையும் இரண்டு, மூன்று நாள் இடைவெளியில் கொடுத்தால், எது ஒத்துக்கலை என்று தெரியும். முழு வேர்க்கடலை, முழு திராட்சை, முறுக்குத் துண்டு தொண்டையில் சிக்கும், கொடுக்காதீங்க. டீயில் பிஸ்கட் தோய்த்துக் கொடுப்பதையும் நிறுத்துங்க. டீ, உணவில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

புதுசா ஒன்றைக் கொடுத்தால் முகம் சுளித்துத் துப்பும். 'பிடிக்கலை போல' என்று விட்டுடாதீங்க. அதே கீரையை எட்டு, பத்துத் தடவை வெவ்வேறு நாளில் கொடுத்த பிறகுதான் சில குழந்தைகள் ஏற்கும். மூக்கைப் பிடித்துத் திணிக்கவும் வேண்டாம். வீட்டார் சாப்பிடும்போது குழந்தையையும் பக்கத்தில் உட்காரவைத்து, தனித் தட்டு வையுங்க. நாம் மெல்லுவதைப் பார்த்து அது மெல்லும். கையை விட்டுப் பிசையட்டும், சிந்தட்டும்.

கைபேசியை எதுக்குப் பயன்படுத்தணும்?

இதைக் கைபேசியில் படிக்கிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டுப் படம் காட்டி ஊட்டாதீங்க. திரையைப் பார்த்தபடி வாய் திறக்கும் குழந்தைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. அதற்குப் பதில், தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடத்தை மாதம் ஒருமுறை படம் எடுத்து வையுங்க. போன மாதக் கோட்டையும் இந்த மாதக் கோட்டையும் ஒப்பிடுங்க. கோடு மேலே ஏறணும். படுத்துக்கிடந்தால் அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளாமல் அன்றைக்கே கேளுங்க.

அங்கன்வாடிப் பணியாளர் எடையையும் உயரத்தையும் போஷன் டிராக்கர் செயலியில் பதிவு செய்கிறார். உங்க குழந்தையின் பதிவைக் காட்டச் சொல்லிப் பாருங்க, அது உங்க உரிமை. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு மையத்தில் இணை உணவாகச் சத்துமாவு தருகிறோம். அதைப் பெரியவங்க பங்கு போட்டுக்காம, குழந்தைக்கே கெட்டியாகக் கிளறிக் கொடுங்க. வெல்லம் அதிலேயே இருக்கு, சர்க்கரை மேலும் வேண்டாம். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியும் வைட்டமின் ஏ திரவமும் உண்டு, தவறவிடாதீங்க. எடை மிகவும் குறைந்த குழந்தைகளைக் கண்டறிந்து மருத்துவப் பரிசோதனை செய்து சிறப்பு உணவு தருவதற்காகவே 2022-ல் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் தொடங்கப்பட்டது. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்க. சந்தேகம் என்றால் 104-க்கு அழைக்கலாம்.

வயிற்றுப்போக்கு வந்தாலும் பட்டினி போடாதீங்க. தாய்ப்பாலும் உப்பு–சர்க்கரைக் கரைசலும் கொடுத்து, உணவையும் சிறிது சிறிதாகத் தொடருங்க. குழந்தை சோர்ந்து போனாலோ எதையும் குடிக்காவிட்டாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க.

கடைசியாக, அந்த அப்பாயிக்கு ஒரு வார்த்தை. நீங்க செய்தது குற்றமில்லை. பேரன் பேத்திக்குச் செமிக்கணுமே என்ற அக்கறையில்தான் ரசம் ஊற்றினீங்க. இன்னைக்கு ராத்திரியிலிருந்து அதே சோறு, அதே கை, ஊற்றுவது மட்டும் கெட்டிப் பருப்பு. அடுத்த மாதம் அட்டையோடு வாங்க, கோட்டைச் சேர்ந்து பார்ப்போம்.