பழைய லேத்தும் ஒரு மரப்பெட்டியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆபீஸ் விஷயத்தை இங்கேயும் பேசி உங்களை வதைக்க மனமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் கார் ஷெட்டில் நடப்பதைச் சொல்கிறேன்.

முதல் லேத்தை ஒரு புரோக்கர் மூலம் வாங்கினேன். பச்சைப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. சுரண்டிப் பார்த்தால், ஹெட்ஸ்டாக்கில் இருந்த விரிசலை வெல்டு வைத்து, பட்டி பூசி மறைத்திருந்தார்கள். இனிமேல் நம்மைப் போல ஆசைக்குக் கடைபவர்களிடம்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

அங்கேயும் சோதனை உண்டு. ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வேலை அதிகம் நடப்பது சக்குக்குப் பக்கத்தில். பெட் அங்கேதான் தேயும். சேடிலை அங்கே ஆட்டமில்லாமல் இறுக்கிவிட்டு டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளுங்கள். போகப் போகப் பிடித்தால் தேய்மானம் என்று அர்த்தம். ஸ்பிண்டிலில் டயல் கேஜ் வைத்து நெம்பிப் பாருங்கள். முள் ஆடினால் பேரிங்கைக் கவனிக்க வேண்டும். கிராஸ் ஸ்லைடு கைப்பிடி கொஞ்சம் சும்மா சுற்றினால் பயப்படாதீர்கள், நட்டை மாற்றிக் கொள்ளலாம். பெட்டை அப்படி மாற்ற முடியாது!

இரண்டாவது லேத் ஒரு பெரியவருடையது. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் குட்டி நீராவி எஞ்சின்கள் செய்தவர். அவர் காலமான பிறகு போனேன். பெட் தேய்ந்திருந்ததைக் கண்டுபிடித்து விலையைக் குறைத்தேன்.

"பழைய இரும்புக்காரரு கிலோக் கணக்குல கேட்டாருங்க தம்பி. அதுக்கு மேல நீங்க பாத்துக் கொடுத்தாச் சரிதானுங்க" என்றார் அந்த அம்மா. இரண்டாயிரம் கூடக் கொடுத்தேன். "இதையும் எடுத்துட்டுப் போயிருங்க" என்று ஒரு மரப்பெட்டியையும் தந்தார்.

வீட்டில் திறந்தேன். மைக்ரோமீட்டர், டயல் கேஜ், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பல்சக்கரங்கள். அதில் 127 பல் சக்கரமும் இருந்தது! ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதன் ஐந்து மடங்கு 127. அங்குல லீட்ஸ்க்ரூ உள்ள லேத்தில் மில்லிமீட்டர் மரையைத் துல்லியமாக வெட்ட அந்தச் சக்கரம் வேண்டும்.

அடியில் ஒரு நோட்டு. "பெட், சக்கிலிருந்து 6 அங்குலம் தேய்மானம். வாங்குபவரிடம் சொல்லவும்" என்று பென்சிலில் எழுதியிருந்தார்.

அவர் குறையை மறைக்க நினைக்கவில்லை. நான்தான் அதன் மதிப்பைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு போய் நியாயமான பாக்கியைக் கொடுத்தேன். அந்த அம்மா பணத்தை வாங்கி வைத்துவிட்டு, உள்ளேயிருந்து பாதி முடிந்த எஞ்சின் ஒன்றை எடுத்து வந்தார். "இதை ஓடவெச்சுத் தர முடியுங்களா தம்பி?" என்றார்.

நண்பர்களே, விற்கும்போது குறையைச் சொல்லுங்கள். வாங்கும்போது மதிப்பைச் சொல்லுங்கள். என்னுடைய சோதனைப் பட்டியலில் இது இப்போதுதான் சேர்ந்தது.

பிளைவீல் கடைந்துவிட்டேன். பிஸ்டன் பாக்கி. அடுத்த சந்திப்புக்குள் ஓடும் என்று நம்புகிறேன்.