சாய்ந்து நில்லாத கவிஞர்



இன்று உங்களுக்கு ஒரு ஜப்பானியப் பெண் கவிஞரை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அவர் பெயர் இபராகி நோரிகோ. நோரிகோ என்பது பெற்றோர் இட்ட பெயர். இபராகி என்பது அவரே சூடிக்கொண்ட புனைபெயர். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே அவருடைய கவிதைகளைப் படித்தேன். படித்த நாள்முதல் ஒரு பழைய நினைவு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனை இறுதியில் சொல்லுகிறேன்.

நோரிகோ 1926ஆம் ஆண்டில் ஒசாகா நகரில் பிறந்தார். ஐச்சி மாநிலத்து நிஷியோ என்னும் ஊரில் வளர்ந்தார். தந்தையார் மருத்துவர். பதினொராம் வயதில் தாயை இழந்தார். அவர் பள்ளியில் பயின்ற காலம் போர்க்காலம். நாட்டுக்காக உயிர்விடுதலே பிறவிப் பயன் என்று ஆசிரியர்கள் போதித்தனர்; பிள்ளைகளும் அதனை நம்பினர். நோரிகோ ஐயமின்றி நம்பியவர்களுள் ஒருவர். பள்ளி மைதானத்தில் அணிவகுத்து நின்ற தோழியர்க்கு உரத்த குரலில் கட்டளையிடும் தலைவியாகவும் இருந்தார்.

பெண்ணாயினும் தன் காலில் நிற்கவேண்டும் என்பது தந்தையின் எண்ணம். அதற்கிணங்க 1943இல் தோக்கியோவில் மருந்தியல் பயிலச் சேர்ந்தார். ஆனால் படிப்பு நடந்தபாடில்லை; மாணவியரைப் போர்ப்பணிக்கு அனுப்பினர். கடற்படைக்கு மருந்து செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, 1945 ஆகஸ்டு 15ஆம் நாள், ஜப்பான் பணிந்துவிட்டது என்னும் செய்தியை வானொலியில் பேரரசரின் குரலிலேயே கேட்டார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

அந்த ஒரு நாளில் என்ன நிகழ்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை உண்மை என்று கற்பிக்கப்பட்டவை இன்று பொய்யாயின. பாடப்புத்தகங்களில் பல வரிகளை மாணவர்கள் தம் கையாலேயே மையிட்டு அழித்தார்கள். கற்பித்தவர்களோ வேறொரு பாடத்தை நடத்தத் தொடங்கிவிட்டார்கள். அப்படியாயின், நம்பியவர்களின் இளமைக்கு யார் பொறுப்பு? இவ்வினாவே நோரிகோவைக் கவிஞராக்கியது என்பது என் கருத்து.

1946இல் பட்டம் பெற்றார். மருந்தாளர் உரிமமும் கிடைத்தது. ஆயினும் போரின் இடையே கற்ற அரைகுறைக் கல்வியை நம்பிப் பிறர் உயிரோடு விளையாட அவர் மனம் ஒப்பவில்லை. அத்தொழிலை அவர் மேற்கொள்ளவே இல்லை. 1949இல் ஒரு மருத்துவரை மணந்தார். 1953இல் கவாசாகி ஹிரோஷி என்னும் கவிஞரோடு சேர்ந்து 'காய்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நம் செவிக்குக் காய் என்றே ஒலித்தாலும், ஜப்பானிய மொழியில் அதற்குத் துடுப்பு என்பது பொருள். இருவர் பிடித்த அத்துடுப்பைப் பின்னர்த் தனிகாவா ஷுண்டாரோ போன்ற பெருங்கவிஞர்களும் வந்து பிடித்தனர்.

1958இல் வந்த அவருடைய இரண்டாவது தொகுதியில், தம் இளமை எழில் மலர்ந்த பருவத்தைப் பற்றிய கவிதை ஒன்று உண்டு. ஊர்கள் இடிந்ததும், அணிசெய்துகொள்ளும் வயது வீணாய்க் கழிந்ததும், இளைஞர்கள் விடைபெற்றுப் போனதும் அதில் எளிய சொற்களில் வருகின்றன. அழுகை இல்லை, வசை இல்லை. இழந்ததை ஈடுசெய்ய நெடுங்காலம் வாழ்ந்தே தீருவேன் என்னும் பிடிவாதத்தோடு கவிதை முடிகிறது. ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் இதனைப் பாடநூலில் பயின்றிருக்கிறார்கள். அமெரிக்கப் பாடகர் பீட் சீகர் இதற்கு இசையமைத்துப் பாடியிருக்கிறார்.

தம் துயரை மட்டும் பாடியவர் அல்லர் அவர். போர்க்காலத்தில் சீனத்திலிருந்து வலிந்து கொண்டுவரப்பட்டு, ஹொக்கைடோ நிலக்கரிச் சுரங்கத்தினின்று 1945இல் தப்பியோடியவர் லியு லியான்ரென் என்னும் தொழிலாளி. போர் முடிந்ததையே அறியாமல் பதின்மூன்று ஆண்டுகள் மலைகளில் ஒளிந்து வாழ்ந்தார், 1958இல்தான் கண்டுபிடிக்கப்பட்டார். அவர் கதையை நோரிகோ நெடும்பாட்டாக எழுதினார். தம் நாடு பிறர்க்கு இழைத்த தீங்கையும் தம் பாட்டில் சேர்த்துக்கொண்ட நேர்மை அது.

1975இல் கணவர் மறைந்தார். அடுத்த ஆண்டு, ஐம்பதாம் வயதில், அவர் கொரிய மொழி கற்கத் தொடங்கினார். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. இறுதி ஆண்டுகளில் பள்ளிகளில் அம்மொழியே ஒதுக்கப்பட்டது. எந்த மொழியைத் தம் நாடு ஒடுக்கியதோ, அந்த மொழியின் அரிச்சுவடியை இவர் மாணவியாய் அமர்ந்து பயின்றார். ஜப்பானியச் சிறையில் 1945இல் இருபத்தேழாம் வயதில் உயிர்நீத்த கொரியக் கவிஞர் யூன் டோங்ஜுவைப் பற்றி மனமுருக எழுதினார். 1990இல் கொரியக் கவிதைகளை மொழிபெயர்த்துத் தொகுத்தார். அந்நூல் யோமியூரி இலக்கியப் பரிசு பெற்றது.

1999இல், எழுபத்துமூன்றாம் வயதில், எதன்மீதும் சாயாமல் நிற்றலைப் பற்றிய தொகுதியை வெளியிட்டார். பிறர் சமைத்துத் தந்த கொள்கையின்மேலோ அதிகாரத்தின்மேலோ இனிச் சாய்வதில்லை என்பது அதன் உட்பொருள். கவிதை நூலாயிருந்தும் அது மிகுதியாக விற்பனையாயிற்று. 2006 பிப்ரவரியில், தனித்து வாழ்ந்த தம் இல்லத்திலேயே காலமானார். நண்பர்களுக்கு எழுதிய விடைமடலை முன்னரே ஆயத்தம் செய்துவைத்திருந்தார். இறக்கும் நாளுக்கு இடம் விட்டிருந்தார்.

இனி, நான் சொல்வதாகக் கூறிய நினைவு. நான் ஆசிரியனாயிருந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இப்பாட்டின் பொருள் எனக்கு வேறாகத் தோன்றுகிறதே" என்றாள். "உனக்குத் தோன்றுவது தேர்வுக்கு வேண்டா, நான் எழுதிப்போட்டதை எழுது" என்றேன். அவள் அமர்ந்தாள். அவ்வாண்டு முழுவதும் அவள் மீண்டும் எழவில்லை. தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெற்றாள், நானும் மகிழ்ந்தேன். அவளுக்கு என்ன தோன்றியது என்பதை இன்றுவரை நான் அறியேன்.

நான் போர்முனைக்கு எவரையும் அனுப்பவில்லை; உண்மைதான். ஆயினும் கேளாமல் நம்பும் பழக்கம் இத்தகைய சிறு வகுப்பறைகளிலேதான் தொடங்குகிறது. ஆதலால் மாணவர்களே, ஆசிரியர் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், பணிவோடு கேளுங்கள். பின்பு, உங்களுக்குத் தோன்றுவதை எழுந்து நின்று சொல்லுங்கள். அமரச் சொன்னால், சிறிது பொறுத்து மறுபடியும் எழுங்கள்.