தையல் அறைக்கு ஏற்ற தரை

வீடு கட்டுகிறவர்களும் வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் தரையைப் பற்றி யோசிக்கும்போது வரவேற்பறையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதானே! எந்தக் கல் போடலாம், எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று வாரக்கணக்கில் பேச்சு நடக்கிறது. அங்கே முடிவானது பிறகு மற்ற அறைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தையல் இயந்திரம் இருக்கும் அறைக்கென்று தனியாக ஒரு தரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எவரும் நினைப்பதில்லை. அந்த அறையில் நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்கிறவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதும் இல்லை.

டில்லியில் கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும், மும்பையில் மாதுங்காவிலும், கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை அடுத்த தெருக்களிலும் வாழும் நம்மவர் குடும்பங்களில், வீட்டிலிருந்தபடியே ரவிக்கையும் பாவாடையும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு அது பொழுதுபோக்கு. வேறு சிலருக்கோ, பிள்ளையின் கல்லூரிச் சம்பளம் அதிலிருந்துதான் வருகிறது. தையல் அறை என்று நான் சொல்வது தனி அறையை மட்டும் அன்று. அடைத்துக் கட்டிய பால்கனியாக இருக்கலாம்; படுக்கையறையின் ஒரு மூலையாகவும் இருக்கலாம். எதுவாயினும், தையல் வேலை செய்கிறவருக்குத் தரை ஓர் அலங்காரப் பொருள் அன்று. கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும் போல அதுவும் ஒரு தொழிற்கருவி.

இதைச் சற்று விளக்க வேண்டும். மேல்நாட்டுத் தையற்காரர் உயர்ந்த மேசையின் மீது துணியை விரித்து வெட்டுகிறார். நம் வீடுகளில் அவ்வளவு பெரிய மேசைக்கு இடம் ஏது? துணியைத் தரையில் விரித்து, பக்கத்தில் அமர்ந்தோ மண்டியிட்டோதான் வெட்டுகிறோம். ஆகவே தரைதான் நமக்கு வெட்டும் மேசை. அது மேடு பள்ளமாக இருந்தால் சுண்ணக்கோடு கோணும்; கோடு கோணினால் வெட்டும் கோணும். சொரசொரப்பாக இருந்தால் பட்டுத் துணியில் இழை பிடித்து இழுக்கும். வாடிக்கையாளர் கொண்டுவந்து கொடுத்த காஞ்சிப் பட்டில் இழை இழுபட்டால், கிடைக்கும் கூலியைவிடக் கொடுக்கும் ஈடு பெரிதாகிவிடும்.

தரை மட்டமாக இருக்கிறதா என்பதைக் கொத்தனாரின் ரசமட்டம் சொல்லும். அது இல்லாவிட்டால் ஒரு கோலிக்குண்டு போதும். பழைய வீடுகளில் தண்ணீர் வடிவதற்காகத் தரையை ஒரு பக்கம் சரித்து விட்டிருப்பார்கள். அந்தச் சரிவு வெட்டுவதற்கு அவ்வளவாக இடையூறு செய்யாது, இயந்திரத்துக்குத்தான் ஆகாது. நான்கு கால்களில் ஒன்று தரையில் படியாமல் நின்றால், மிதிக்கும்போதெல்லாம் இயந்திரம் ஆடும். தையல் ஒரே சீராக விழாது. அக்காலுக்குக் காகிதத்தை மடித்து வைப்பது ஒரு நாள் வைத்தியம். சரியான கனத்தில் மரத்துண்டு செதுக்கி வைப்பதே நல்லது.

சதுரக் கற்கள் பதித்த தரையில் இன்னொரு வசதியும் உண்டு. கற்கள் கூடுகிற நேர்கோட்டில் துணியின் கரையைப் பொருத்தி வைத்தால், இழை கோணாமல் நேராக அமையும். குறுக்குக் கோடு செங்கோணத்தையும் காட்டிவிடும். ஆனால் கல் பதித்தவர் ஒழுங்காகப் பதித்திருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கோட்டில் மூன்று அடியும் மற்றதில் நான்கு அடியும் அளந்து, இரு முனைகளுக்கும் இடையே சரியாக ஐந்து அடி இருந்தால் மூலை நேர் என்று அறியலாம். கல்லையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். கடையில் 'இரண்டடிக் கல்' என்று சொல்லி விற்பது உண்மையில் 60 சென்டிமீட்டர். அது இரண்டடிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைவு. ரவிக்கைக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் சிறு பிழையா?

அடுத்து, கீழே விழுகிற பொருள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையல் அறையில் நாளெல்லாம் ஏதேனும் விழுந்துகொண்டே இருக்கும்: குண்டூசி, கொக்கி, பொத்தான், முறிந்த இயந்திர ஊசியின் நுனி. பொத்தான் கிடைக்காவிட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம். குண்டூசியும் ஊசி நுனியும் கிடைக்காவிட்டால், அவை தவழ்கிற குழந்தையின் உள்ளங்கையிலோ வெறுங்காலோடு நடக்கிறவர் பாதத்திலோதான் கிடைக்கும். என் கருத்தில், தையல் அறைத் தரைக்கு முதல் தேர்வு இதுதான்: விழுந்த ஊசி கண்ணுக்குத் தெரிகிறதா?

மும்பையின் பழைய கட்டடங்களில் மொசைக் தரை மிகுதி. சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து பரப்பி, இறுகிய பிறகு தேய்த்து மெருகேற்றியது அது. நூறு ஆண்டு உழைக்கக்கூடிய நல்ல தரைதான். ஆனால் வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாகப் புள்ளிகள் இறைந்து கிடப்பதால், அதில் விழுந்த ஊசியைத் தேடுவது கடினம். பூ வேலைப்பாடு கொண்ட சிமெண்டுக் கற்களும் அப்படியே. ஊர்ப் பற்றினால் ஆத்தங்குடிக் கற்களை வெளியூருக்கு வரவழைத்துப் பதிப்பவர்கள் உண்டு. கண்ணாடிப் பலகையின் மீது கையால் வண்ணம் ஊற்றி, சூளையில் சுடாமல் தண்ணீரில் பதப்படுத்திச் செய்யும் அந்தக் கற்களின் அழகுக்கு ஈடு இல்லை. அவற்றைக் கூடத்தில் போட்டு மகிழுங்கள். தையல் மூலைக்கு வேண்டாம்.

இங்கே வேண்டியது ஒரே நிறமுள்ள, கோலம் இல்லாத, பளபளப்புக் குறைந்த தரை. மிக வெண்மையும் வேண்டாம், சாம்பல் நிறமும் வேண்டாம். வெளிர் மஞ்சளோ தந்த நிறமோ ஏற்றது. கண்ணாடிபோல் மின்னும் தரை சன்னல் வெளிச்சத்தையும் விளக்கு வெளிச்சத்தையும் திருப்பி அடித்துக் கண்ணைக் கூசச் செய்யும். மாலைக்குள் தலைவலி வருகிறதென்று மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொள்கிறவர்கள், காரணம் தரையிலும் இருக்கலாம் என்று எண்ணுவதில்லை. பளபளப்பு இல்லாத தரையில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் விளக்கைத் தரையோடு தரையாக வைத்து அடித்தால் ஒவ்வோர் ஊசியும் நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும். ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி வைத்துக்கொண்டால் பொறுக்குவதும் எளிது. பித்தளை ஊசி மட்டும் காந்தத்துக்கு அகப்படாது.

இந்த அளவுகோலால் பார்த்தால், கம்பளமும் தரியும் கோரைப்பாயும் இயந்திரத்தின் அருகே இருக்கவே கூடாதவை. டில்லிக் குளிரில் கம்பளம் விரிப்பது இயல்பு. ஆனால் அதன் மயிர்க்கற்றைக்குள் புகுந்த ஊசி, கோடையில் கம்பளத்தைச் சுருட்டும்போதுதான் வெளிவரும்.

அப்படியானால் குளிருக்கு என்ன செய்வது? டில்லியில் மார்கழி, தை மாதங்களில் கல்தரையில் கால் வைக்க முடியாது. கல், மரத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவது. அறையிலுள்ள எல்லாப் பொருள்களும் ஒரே குளிர்ச்சியில் இருந்தாலும், கல் நம் காலின் சூட்டை விரைவாக உறிஞ்சிக்கொள்கிறது. ராஜஸ்தானத்துக் கோட்டா கல் பதித்த வீடுகளில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கோடையில் அதே கல் பெரும் சுகம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இதற்காகத் தரையைப் பெயர்க்க வேண்டியதில்லை. இயந்திரமும் நாற்காலியும் நிற்கும் அளவுக்கு ஒட்டுப்பலகை ஒன்று வாங்கி, அடியில் பழைய கம்பளித் துணியை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். காலுக்குக் குளிர் தெரியாது. இயந்திரத்தின் அதிர்வு கீழ்வீட்டுக்குப் போவதும் குறையும். அடுக்கு மாடி வீடுகளில் இரவு பத்து மணிக்கு மேல் தைக்கிறவர்களுக்கு, அண்டை வீட்டாரோடு நல்லுறவைக் காக்க இந்தப் பலகை ஒன்றே போதும். வழவழப்பான தரையில் மிதிக்க மிதிக்க இயந்திரம் மெல்ல நகர்ந்துபோகும் தொல்லையும் இதனால் தீரும். கையால் சுற்றும் இயந்திரத்தைத் தரையில் வைத்துத் தைப்பவர்களுக்கு முழங்கால் வலியும் குறையும்.

ஈரம் வேறொரு தொல்லை. மும்பையில் மழை மாதங்களில் தரை வியர்க்கிறது; கொல்கத்தாவில் கீழ்த்தளத்து வீடுகளில் ஆண்டு முழுவதும் ஓர் ஓதம் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த கல்லின் மேல் படிவது ஒன்று. மண்ணிலிருந்து மேலே ஏறி வருவது மற்றொன்று. ஒன்றரை அடிச் சதுரமுள்ள பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டு வையுங்கள். தாளின் மேற்புறம் நீர் படிந்தால் அது காற்றின் ஈரம். அடிப்புறம் துளிகள் நின்றாலும், தரை கறுத்திருந்தாலும், மண்ணின் ஈரம். மண்ணீரம் ஏறும் தரையில் எந்த விரிப்பையும் ஒட்டாதீர்கள். பசை விட்டுவிடும், அடியில் பூஞ்சணம் பிடிக்கும், அந்த நாற்றம் தைக்கக் கொடுத்த துணிகளிலும் ஏறும்.

கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் பழைய வீடுகளில் உள்ள சிவப்புக் காவித் தரையைப் பற்றி ஒரு சொல். நன்றாக மெருகேறிய காவித் தரை தையலுக்கு மிகவும் ஏற்றது. ஒரே நிறம், இணைப்புகள் குறைவு, வெள்ளி ஊசி பளிச்சென்று தெரியும். ஆனால் மெருகு போன இடத்தில் சாயம் விடும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணி சிவந்தால், வெட்டுவதற்கு முன் ஒரு பழைய விரிப்பைப் போட்டுக்கொள்வது அவசியம். வெறும் சிமெண்டுத் தரை பொடி விடும். இயந்திரத்தின் பற்சக்கரங்களுக்கு அந்தப் பொடி ஆகாது.

சலவைக்கல்லுக்கு இயந்திர எண்ணெய் பகை. எண்ணெயை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு கறை நீங்குவது அரிது. இன்று குஜராத்தின் மோர்பியிலிருந்து நாடெங்கும் வரும் விட்ரிபைடு கற்கள் இதில் சிறந்தவை. அவை தம் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு நீரைக்கூட உறிஞ்சுவதில்லை. எண்ணெயைத் துடைத்தால் போய்விடும். பளபளப்பில்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் மின்னுவதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்! மரம்போலத் தோன்றும் லாமினேட் பலகை காலுக்கு இதமானது. ஆனால் தினமும் ஈரத்துணியால் துடைக்கும் வழக்கம் உள்ள நம் வீடுகளில் அதன் இணைப்புகள் ஊதிப்போகும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இவ்வளவு நேரம், "இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று எண்ணியிருக்கலாம். அவர்களுக்கு வினைல் விரிப்பு இருக்கிறது. 1860களில் இங்கிலாந்தில் பிரெடெரிக் வால்டன் ஆளிவிதை எண்ணெயும் தக்கைப் பொடியும் கொண்டு உருவாக்கிய லினோலியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட பொருள் இது. ஒட்டாமல் விரித்துக்கொண்டால், வீடு மாறும்போது சுருட்டி எடுத்துப் போகலாம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மெல்லிய விரிப்பு நாற்காலிக் காலுக்குத் தாங்காது. இரண்டு மில்லிமீட்டராவது இருக்கட்டும். கறுப்பு ரப்பர் அதன் மேல் நாள்பட இருந்தால் மஞ்சள் கறை விழும்; ஆகையால் இயந்திரக் காலுக்கு ரப்பர் வைக்காமல் கம்பளித் துணி வையுங்கள். இஸ்திரிப் பெட்டி அதன் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. ஒருமுறை விழுந்தால் விரிப்பு உருகிவிடும். மின்சாரத்தில் ஓடும் இயந்திரமானால், தரை எதுவாயினும், செருகியை எடுத்த பிறகே ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

சொந்த வீட்டில் பழைய மொசைக் தரை இருக்கிறதென்றால், பெயர்ப்பதற்கு முன் மறுபடி தேய்த்து மெருகேற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரியுங்கள். டில்லியில் இதற்கு 'கிஸாயி' என்று பெயர். மும்பையில் தரைக்கல்லை 'லாதி' என்பார்கள். இந்தச் சொற்களைத் தெரிந்துகொண்டு போனால் பேரம் எளிதாகும். தேய்ப்பது நீர் விட்டுச் செய்யும் வேலை. அறையைக் காலி செய்தாக வேண்டும். தேய்த்தாலும் புள்ளிகள் போகமாட்டா. இயந்திரத்தைச் சுற்றி மட்டும் ஒரே நிறத்தில் வினைல் விரித்துக்கொள்ளுங்கள். புதுக் கல்லே போடுவதானால், அறைக்கு வேண்டியதற்கு மேல் ஐந்தாறு கற்கள் கூடுதலாக வாங்குங்கள். கத்தரிக்கோலோ இஸ்திரிப் பெட்டியோ விழுந்து ஒரு கல் என்றேனும் உடையும். அடுத்த ஆண்டு அதே கடையில் அதே பெயரைச் சொல்லிக் கேட்டாலும் அதே நிறம் கிடைக்காது. அந்த ஐந்தாறு கற்களையும் வாங்கிய சீட்டோடு சேர்த்துக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.