நர்ஸ் மேஜையில் ஏன் சிரிப்புச் சத்தம்?

(உலகச் செவிலியர் தினத்தையொட்டி நமது கம்யூனிட்டி ஹாலில் நடந்த கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் பேசியதன் எழுத்து வடிவம்.)

"பத்து நிமிஷம் பேசுங்க மேடம், பி.பி., சுகர் பத்தி ஏதாவது" என்றார் செகரெட்டரி சார். அதைப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். தினமும் வாக்கிங்கில் கேட்கிறேன். நான் வேறு விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வீட்டு ஆள் வார்டில் படுத்திருப்பார். நாம் கவலையோடு வராந்தாவில் நிற்போம். நர்ஸ்கள் மேஜையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். "இங்கே உயிர் ஊசலாடுது, இவங்களுக்கு என்ன சிரிப்பு?" என்று கோபம் வரும். 31 வருஷம் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் நான்.

இரவு 2 மணிக்கு ஒருவர் இறந்துபோகிறார் என்று வையுங்கள். உடலைத் துடைக்க வேண்டும், கேஸ் ஷீட் எழுத வேண்டும், அழுகிற மகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு 2.30க்கு ஊசி. அவரிடம் அழுத முகத்தோடு போக முடியாது. அப்போது எங்களில் ஒருத்தி ஆறிப்போன டீயைப் பார்த்து, "இதுக்கும் ஒரு டெத் சர்டிபிகேட் எழுதிடலாமா?" என்பாள். சிரித்துவிடுவோம். முகம் கழுவிக்கொண்டு ஊசி போடப் போவோம். இறந்தவரைப் பார்த்துச் சிரித்ததில்லை.

எங்களுக்குள் ஒரு சட்டமும் உண்டு. ட்யூட்டியில் "இன்னிக்கு அமைதியா இருக்கே" என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த நிமிஷம் ஆம்புலன்ஸ் வந்து நிற்குமாம். வெளிநாட்டிலும் இந்த நம்பிக்கை இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் பிரிவில் 61 நாள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். சில நாள் வேண்டுமென்றே "இன்று அமைதியான நாள்" என்று சொன்னார்கள், சில நாள் சொல்லவில்லை. வேலைப்பளுவில் வித்தியாசம் இல்லை என்று 2019 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. எங்களுக்கு அதெல்லாம் கணக்கில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் தெரியாமல் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் எல்லோரும் தலையில் கை வைப்போம். அன்று முதல் அவளும் எங்களில் ஒருத்தி.

ஆனால் எல்லாச் சிரிப்பும் ஒன்றல்ல. கனடா உளவியலாளர் ராட் மார்ட்டினும் அவர் குழுவினரும் 2003இல் நகைச்சுவையை நான்காகப் பிரித்தார்கள்: மற்றவரோடு சேர்ந்து சிரிப்பது, கஷ்டத்தில் தன்னைத் தேற்றிக்கொள்வது, அடுத்தவரைக் குத்துவது, தன்னையே மட்டம் தட்டிக்கொள்வது. முதல் இரண்டும்தான் மனநலத்தோடு சேர்ந்து போகின்றன. மூன்றாவதை நான் கண்ணால் பார்த்தேன். நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், கிராமத்திலிருந்து வந்த பெண் மருந்தின் பெயரை வாசித்த விதத்தை ஒரு சீனியர் எல்லோர் முன்னாலும் நடித்துக் காட்டினார். வார்டே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சந்தேகம் கேட்கவில்லை. எத்தனை மில்லி என்று கேட்கக் கூச்சப்படுகிற நர்ஸ், நோயாளிக்கு எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

நோயாளியோடு சிரிக்கலாமா என்றால், அவர் ஆரம்பிக்கட்டும். ஒரு பெரியவருக்குக் குளுக்கோஸ் ஏற்ற நரம்பே கிடைக்கவில்லை. நாலாவது தடவை நான் தட்டிப் பார்த்தபோது, "இந்தக் கைக்கு லைன் கட் பண்ணிட்டாங்கம்மா, மெட்ரோ வாட்டர்ல சொல்லி வை" என்றார். அதே வரியை நான் சொல்லியிருந்தால் புகார்ப் பெட்டிக்குப் போயிருக்கும்.

இப்போது சில நிர்வாகங்கள் நர்ஸ்களுக்குச் சிரிப்பு யோகா நடத்துகின்றன. நடத்தட்டும், நல்லதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்த அலுத்து ஓய்ந்துபோகிற நிலையை விளக்கியபோது, வேலையிடத்தின் நெருக்கடியைச் சரியாகக் கையாளாததால் வருவது என்றுதான் எழுதியது. ஒருத்தி தனியாக 20 கட்டிலைப் பார்க்கிற வார்டுக்குத் தேவை யோகா மாஸ்டர் இல்லை, இன்னொரு நர்ஸ்.

கடைசியாக நம் வீட்டு விஷயம். நம் மூன்று பிளாக்கிலும் நைட் ட்யூட்டி முடித்துக் காலை 9 மணிக்கு மேல் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். "அந்த வீட்டுல பகல்லயும் கதவு சாத்தியே இருக்கு" என்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் எழுதியிருந்தார். தூங்குகிறார்கள், சார். தூக்கம் கெட்டவளுக்கு நகைச்சுவை வராது, எரிச்சல்தான் வரும். அன்று ராத்திரி அவள் பார்க்கிற வார்டில் நாமே படுத்திருக்கலாம். இப்போது டிரில்லிங் வேலைக்குக் காலை 10 மணியிலிருந்து அனுமதி. அதை மதியம் 2 மணிக்குத் தள்ளச் சொல்லிக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் மரவேலை நடக்கிறவர்களும் அன்றைக்கு அவசியம் வாருங்கள், பேசி ஒரு நேரம் முடிவு செய்யலாம்.