ஒரு பெயரடை, பல தமிழ்ச்சொற்கள்
(பொழிவின் எழுத்து வடிவம்)



மருத்துவமனையொன்றின் மின்தூக்கியை ஆங்கிலத்தில் ‘பங்சனல்’ என்றால், அது பழுதின்றி இயங்குகிறது என்பது பொருள். அதே மருத்துவமனையில் ஒருவரின் நோயைப் ‘பங்சனல்’ என்றாலோ பொருள் தலைகீழாகிறது. உறுப்பின் அமைப்பிற் கேடொன்றும் ஆய்வில் தென்படவில்லை. ஆயினும் அஃது இயங்கும் முறை பிறழ்ந்துள்ளது என்பதே அங்குக் கருத்து. குடலிற் புண்ணோ கட்டியோ இன்றியே வயிற்றுவலியும் கழிச்சலும் மீண்டும் மீண்டும் வருத்தும் நோய் இவ்வகையினது.

இதனைச் ‘செயற்பாட்டு நோய்’ என்று பெயர்த்து வைத்தால் நோயுற்றவர்க்கு என்ன விளங்கும்? தம் துன்பத்தைப் பிறர் பொய்யென்கின்றனரோ என்றே மயங்குவார். ‘இயக்கப் பிறழ்ச்சி’ எனின், வலி மெய்யென்பதும் கோளாறு இயக்கத்தில் உள்ளதென்பதும் ஒருங்கே விளங்கும். ஒரு சொல்லின் பிழை ஓர் உயிரின் துன்பமாவதைக் காண்க!

அச்சொல்லின் வேர் இலத்தீனம்; கடமையை ஆற்றி முடித்தல் என்பது வேர்ப்பொருள். அது பல துறைகளிற் புகுந்து பல பொருள் பெற்றது. செருமானிய அறிஞர் இலைபுனிட்சு 1673-இல் அதன் பெயர்ச்சொல்லைக் கணக்கியலில் ஆண்டார். ஓர் அளவு மற்றோர் அளவைச் சார்ந்து மாறுவதாற் தமிழ்ப் பாடநூல்கள் அதனைச் ‘சார்பு’ என்றன. வேதியியலில், ஒரு பொருள் எவ்வாறு வினைப்படும் என்பதை வரையறுக்கும் அணுக்கூட்டம் ‘வினைசெயல் தொகுதி’ ஆயிற்று. எரிசாராயத்தில் உயிரகமும் நீரகமும் சேர்ந்த சிறு தொகுதி அத்தகையது. கட்டடத்தின் வடிவு அதன் பயனைத் தொடர்வதே என்று அமெரிக்கராகிய உலூயி சல்லிவன் 1896-இல் எழுதினார். அங்கு அது ‘பயன்நோக்கு’. கையொப்பமிடத் தெரிந்தாற் போதாது, வாழ்வுக்கு வேண்டும் எழுத்துவேலைகளை ஆற்ற வல்லராதல் வேண்டுமென 1978-இல் யுனெசுகோ வரையறுத்த எழுத்தறிவு ‘வாழ்க்கைப்பயன் எழுத்தறிவு’.

இத்தனை இடங்களிலும் ‘செயற்பாட்டு’ என்னும் ஒரே ஒட்டினை ஒட்டுவோர், அயலொலியை நீக்கி அயல்நிழலை வைத்துக்கொள்கின்றனர். அது தூய தமிழன்று. தமிழெழுத்திற் புகுந்த ஆங்கிலமே.

ஆகவே, சொல்லாக்குவோர் அகரமுதலியைப் புரட்டுமுன், ‘இச்சொல் இவ்விடத்து எதனைக் குறிக்கிறது?’ என்று வினவுக. சார்தலா, வினைப்படுதலா, பயன்படுதலா, இயங்குதலா, பிறழ்தலா என்பது தெளிந்தால், தமிழ்ச்சொல் தானே முன்வந்து நிற்கும்.

வாழ்க தமிழ்!