கொலு பொம்மைக்கு யார் முதல் போடுவது?

(நம் சங்கத்தின் மூத்தோர் மன்றக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வரும் நவராத்திரிக்கு முன்பு நம் கிளப் ஹவுஸில் மூன்று நாள் கைவினைக் கண்காட்சி நடத்தச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. நல்ல முடிவு. ஒரு மேஜைக்கு எவ்வளவு வாடகை வாங்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடிவாகும் முன் எனக்கு ஒரு பத்து நிமிடம் கொடுங்கள். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கலையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. கணக்கைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிற்றூர்க் கிளையில் இருந்தேன். தை மாதம் ஒருவர் கடன் கேட்டு வந்தார். கொலு பொம்மை செய்கிறவர். களிமண், விறகு, வர்ணம் வாங்க ஐந்தாயிரம் ரூபாய் வேண்டும் என்றார். நிலப் பத்திரம் உண்டா, ஜாமீன்தாரர் உண்டா, போன வருட விற்பனைக் கணக்கு உண்டா என்று வரிசையாகக் கேட்டேன். எதுவும் இல்லை. மஞ்சள் பையிலிருந்து ஒரு சின்னக் கிருஷ்ணனை எடுத்து மேஜைமேல் வைத்து, "இதுதான் சார் என் கணக்கு" என்றார். சிரித்துவிட்டு, விண்ணப்பத்தில் "தகுந்த பிணை இல்லை" என்று எழுதி மேலே அனுப்பினேன். மேலாளர் கையெழுத்துப் போட்டார். கதை முடிந்தது.

அவர் வட்டிக்கு விடுகிறவரிடம் போனார். அந்த வருடம் புரட்டாசியில் டவுன் கடையில் அதே கிருஷ்ணனைப் பார்த்தேன். விலை கேட்டு வீட்டுக்கு வாங்கியும் வந்தேன். இன்றும் எங்கள் வீட்டுக் கொலுவில் மூன்றாவது படியில் இருக்கிறான். அவரை ஒருமுறை பேருந்து நிலையத்தில் பார்த்தபோது அந்த விலையைச் சொன்னேன். தன் கைக்கு வந்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்றார். மகனை மில் வேலைக்கு அனுப்பிவிட்டதாகவும் சொன்னார்.

அன்று நான் விதியை மீறவில்லை. ஆனால் தொழிலைப் புரிந்துகொள்ளவும் இல்லை. விளாச்சேரி, பண்ருட்டி, காஞ்சிபுரம் என்று பொம்மைக்குப் பேர்போன ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, நிழலில் காயவைத்து, சூளையில் சுட்டு, வெள்ளை பூசி, அதன்பிறகுதான் வர்ணம். மழைக்காலத்தில் மண் காயாது என்பதால், வெயில் இருக்கும் மாதங்களிலேயே வேலையை முடித்தாக வேண்டும். செலவு மாதக்கணக்கில், விற்பனையோ நவராத்திரியை ஒட்டிய சில வாரங்களில். இடைப்பட்ட காலத்தில் அடுப்பு எரிய வேண்டுமே! வணிகவியலில் இதற்கு நடைமுறை மூலதனம் என்று பெயர். அது கையில் இல்லாதவர், யார் முன்பணம் கொடுக்கிறாரோ அவர் சொல்லும் விலைக்குத்தான் சரக்கைக் கொடுத்தாக வேண்டும்.

எங்கள் வங்கியால் பார்க்க முடியாத இந்த இடத்தைத்தான் லாப நோக்கமற்ற சில அமைப்புகள் பார்த்தன. இந்தியக் கைவினைக் குழுமத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கமலாதேவி சட்டோபாத்யாய் 1964இல் தொடங்கியது. தலைமையகம் நம் சென்னைதான். கைவினைஞர்களை ஊரூராகத் தேடிப்போய், கண்காட்சிக்கு அழைத்து வந்து, வாங்குபவர் முன் உட்கார வைப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. பயிற்சிப் பட்டறை, சிறந்த கைவினைஞர்களுக்கு விருது, 'கமலா' என்ற விற்பனைக் கடை எல்லாம் உண்டு. செய்தவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்கும்போது விலையை நிர்ணயிக்க நடுவில் ஆள் தேவையில்லை. எந்தப் பொம்மை விற்கிறது, எது விற்கவில்லை என்பதும் செய்தவருக்கே தெரிந்துவிடுகிறது.

அடுத்தது, நம்மில் பலரும் பேரப்பிள்ளைகளோடு போய்வந்திருக்கும் தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் முயற்சியில் 1984இல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் உருவானது. அது நடத்தும் தட்சிணசித்ரா, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. அங்கே உள்ள பழைய வீடுகளைப் பார்த்து, 'அழகான செட்டு' என்று சிலர் நினைக்கிறார்கள். அவை செட்டு அல்ல. இடிக்கப்பட இருந்த வீடுகளை வாங்கி, பிரித்து, கொண்டுவந்து, மரபுத் தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்தே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். எந்த உத்தரம் எதன்மேல் உட்காரும், சுண்ணாம்பில் என்ன கலக்க வேண்டும் என்று தெரியாமல் அப்படிக் கட்ட முடியாது. தெரிந்தவரைத் தேடிப்பிடித்து, கேட்டு, குறித்துவைத்தால்தான் முடியும்.

கைவினை ஆராய்ச்சி என்பது இதுதான். "ஆராய்ச்சிக்குச் செலவிடும் பணத்தை அந்தக் கைவினைஞரிடமே கொடுத்துவிடலாமே" என்று போன வாரம் நடைப்பயிற்சியின்போது ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதிலையும் கணக்கிலிருந்தே சொல்கிறேன். ஒரு நிறுவனம் தானே வளர்த்துக்கொண்ட நற்பெயர் அதன் இருப்புநிலைக் குறிப்பில் வராது. சொத்துதான், ஆனால் எழுத்தில் இருக்காது. கைவினைஞரின் திறமையும் அப்படித்தான். எந்த ஏரி மண், எத்தனை பங்கு மணல், சூளையை எப்போது மூட வேண்டும் என்பதெல்லாம் ஒருவர் தலைக்குள் இருக்கிறது. மகன் மில்லுக்குப் போய்விட்டால் அந்தக் கணக்கு அங்கேயே முடிகிறது. யாராவது எழுதி, படமெடுத்து, அச்சுகளைப் பாதுகாத்து வைத்திருந்தால், பேரனோ வேறொருவரோ என்றாவது திரும்பிவர வழி இருக்கும்.

பாராட்டுப் பத்திரமும் பொன்னாடையும் கொடுத்துவிட்டு, சரக்குக்கான பணத்தை ஆறு மாதம் இழுத்தடிப்பவர்களும் உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், பதிவு செய்த குறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் கூட்டு வட்டி என்கிறது. ஆனால் அடுத்த வருட ஆர்டரும் அதே வியாபாரியிடமிருந்து வரவேண்டும் என்றால் யார் புகார் கொடுப்பார்கள்?

அதனால் நம் கண்காட்சிக்கு மூன்று கோரிக்கைகள்.

ஒன்று, செய்து விற்பவரிடம் மேஜை வாடகை வேண்டாம். வாங்கி விற்கும் வியாபாரியிடம் தாராளமாக வாங்குங்கள். மின்செலவுக்கு அது போதும்.

இரண்டு, கொலு வைக்கும் வீடுகள் அடுத்த வருடத்துக்கு வேண்டிய செட்டை இந்த வருடமே சொல்லி, தை மாதத்தில் பாதிப் பணம் கொடுப்போம். இருபது வீடுகள் சேர்ந்தால் ஒரு குடும்பம் கடன் வாங்காமல் வேலையைத் தொடங்கலாம். வசூலையும் கணக்கையும் நான் பார்த்துக்கொள்கிறேன். ரசீது கண்டிப்பாக உண்டு.

மூன்று, நம் பிள்ளைகள் கைபேசியில் எத்தனையோ படம் எடுக்கிறார்கள். வரும் கைவினைஞரின் அனுமதி கேட்டு, அவர் வேலையை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யட்டும். ஒரு பிரதியை அவரிடமே கொடுப்போம்.

பேரம் பேசாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. பேசி முடித்த விலையை அன்றே கையில் கொடுத்துவிடுங்கள், அது போதும்.

அன்று நான் திருப்பி அனுப்பிய அந்த ஐந்தாயிரத்தை இனி அவருக்குக் கொடுக்க எனக்கு வழியில்லை. வருகிற தை மாதம் வேறொருவருக்காவது கொடுக்கலாம் என்றுதான் கேட்கிறேன். பொதுக்குழுவில் கை தூக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.