பெயர் சொல்லித் தொழும் மரங்கள்



ஜப்பானியர்தம் ஷிந்தோ நெறியில் தெய்வத்தைக் 'கமி' என்பர். கமிகள் எண்பது இலட்சம் என்பது அவர்தம் வழக்கு. எண்ணற்றவை என்பதே அதன் பொருள். பதினெட்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் மோதோரி நோரினாகா, மனிதர், பறவை, விலங்கு, மரம், மலை, கடல் என எதுவாயினும் இயல்பை விஞ்சி நின்று வியப்பும் அச்சமும் விளைப்பது கமியே என்று விளக்கினார். நாரா மாநிலத்து ஓமிவா கோயிலில் தெய்வம் உறையும் கருவறைக் கட்டடமே இல்லை. பின்னே நிற்கும் மிவா மலையையே மக்கள் தொழுகின்றனர்.

712ஆம் ஆண்டில் உருவான கொஜிக்கி என்னும் நூல், கதிரவத் தெய்வமாகிய அமதெராசு குகையுள் மறைய உலகு இருண்ட கதையைக் கூறுகிறது. அத்தகைய பெருந்தெய்வங்களினும் இல்லறத்துக்கு நெருங்கியவை சிறு தெய்வங்கள். அடுப்புக்கு ஒரு கமி. கிணற்றுக்கு ஒரு கமி. கழிப்பறைக்கும் ஒரு கமி. இளவேனிலில் மலைத் தெய்வம் இறங்கிவந்து வயல் தெய்வமாகும், அறுவடை முடிந்ததும் மலைக்கே மீளும் எனப் பல ஊர் உழவர்கள் நம்பினர். மலைக்காட்டு நீரே வயலில் நெல்லாகிறது என்பதை இதனினும் சுருங்கச் சொல்ல இயலுமோ? தேய்ந்தும் ஒடிந்தும் போன ஊசிகளைக்கூடப் பெண்கள் வீசி எறிவதில்லை. பல ஊர்களில் பிப்ரவரி 8ஆம் நாள் கோயிலுக்கு எடுத்துச்சென்று, மெத்தென்ற சோயாக் கட்டியில் செருகி நன்றி கூறுவர்.

இந்நெறிக்குப் பேரிடர் அந்நாட்டு அரசாலேயே நேர்ந்தது. ஊராட்சிக்கு ஒரு கோயில் போதும் எனச் சிறு கோயில்களை இணைக்கும் ஆணை 1906இல் பிறந்தது. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 70,000 கோயில்கள் மறைந்தன. கமியின் பெயரை வேறொரு கோயிலின் ஏட்டில் எழுதினர். அதன் காட்டை வெட்டி விற்றனர். பெயர் இடம்பெயர்ந்தது; மரம் எங்கே பெயரும்?

வாகயாமா மாநிலத்துத் தனபே ஊரில் வாழ்ந்த இயற்கை அறிஞர் மினகதா குமகுசு இதனை எதிர்த்து எழுந்தார். காளான்களை ஆய்ந்த அவருக்குக் கோயிற்காடு என்பது உயிர்களின் கருவூலம். காடு அழியின் பறவை போகும். பறவை போயின் பூச்சி பெருகிப் பயிர் கெடும். ஊரார் ஒன்றுகூடும் இடமும் உள்ளமும் சிதையும் என வாதிட்டார். இணைப்பை ஆதரித்த அதிகாரி இருந்த கூட்டத்தில் புகுந்து கலகம் விளைத்ததாக 1910இல் 18 நாள் காவலில் வைக்கப்பட்டார். இணைப்பால் பயனில்லை என நாடாளுமன்ற மேலவை 1920இல் தீர்மானித்தது. அதற்குள் வீழ்ந்துவிட்ட முதுமரங்களைத் தீர்மானம் எழுப்பவில்லை.

பாவலர்களே, சொல்லிலும் ஓர் உயிர் உறைகிறது என நம்பி, அதனைக் 'கொதொதமா' என்றனர் ஜப்பானியர். அந்த நம்பிக்கை நமக்கும் வேண்டுவது. மரம் என்று பொதுப்படப் பாடும் பாட்டு எந்த மரத்தையும் காவாது. இன்ன ஊரில், இன்ன துறையில், இன்ன பெயரோடு நிற்கும் மரம் என்று பாடுங்கள். பெயரும் இடமும் அறிந்த ஒன்றை வெட்டக் கோடரி சற்றேனும் தயங்கும் என்று கூறி அமைகிறேன்.